‘தங்கைக்கு’ என்று எழுதப்பட்ட நாப்கின் பதிவு பற்றி

அனுப்புநர்:
ர. கலையரசன் (வயது 27),
வெல்டர்,
மேலூர் ரோடு, ஸ்ரீரங்கம்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: செவிலியர் திருமதி வேணியின் பணியிடை நீக்கத்தை ரத்து செய்யவும், நாப்கின் பதிவேட்டிலுள்ள ‘மகளிர்’ என்ற சொல்லை மாற்றவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. துவாக்குடி அருகே செம்பொன் ஃபேப்ரிகேட்டர்ஸ் என்னும் தனியார் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நான் ஒரு திருநம்பி. பிறந்தபோது பெண் என்று பதியப்பட்டு, ஆணாக வாழ்பவன். தங்கள் அலுவலகம் வழங்கிய அடையாள அட்டையிலும் ஆண் என்றே உள்ளது. எனக்கு இன்னும் மாதவிடாய் வருகிறது. இந்த வரியை எழுதுவதற்குள் மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். நிறுவனத்தில் இதை அறிந்தவர், முதலுதவி அறைச் செவிலியர் வேணி ஒருவரே.

2. கடந்த பிப்ரவரியில் என் பேண்ட்டில் ரத்தக்கறையைப் பார்த்த மேற்பார்வையாளர் திரு. அழகிரி, தகடு கிழித்துவிட்டது என்று பதறி என்னை முதலுதவி அறைக்கு அழைத்துப் போனார். அவர் வெளியே நிற்க, வேணி அக்கா காயத்தைத் தேடினார். காயம் எங்கே இருக்கிறது? உண்மையைச் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் ஒரு பாக்கெட் நாப்கினை எடுத்துத் தந்துவிட்டு, பதிவேட்டைத் திறந்து வெகுநேரம் யோசித்தார். அதில் ‘பயன்படுத்தும் மகளிர் பெயர்’ என்று தலைப்பு. “உங்க பேரப் போட்டா நாளைக்கே எல்லாருக்கும் தெரிஞ்சிடும் தம்பி. உங்க தங்கச்சிக்குன்னு எழுதிக்கறேன்” என்றார். நானும் தலையாட்டினேன். அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு.

3. ஐந்து மாதங்களாக ‘கலையரசன் தங்கைக்கு’ என்றே எழுதப்பட்டது. கடையில் வாங்கக் கூடாதா என்று கேட்கலாம். வாங்குகிறேன். ஆனால் ஷிப்ட் தொடங்கினால் கேட் திறக்காது. மாதவிடாய்க்கோ ஷிப்ட் நேரம் தெரியாது.

4. இம்மாதம் பதிவேட்டைச் சரிபார்த்த நிர்வாகம், குடும்ப விவரம் உள்ள என் இ.எஸ்.ஐ. படிவத்தையும் எடுத்துப் பார்த்தது. லால்குடியிலுள்ள என் பெற்றோருக்கு நான் ஒரே பிள்ளை. இல்லாத தங்கையின் பேரில் பொருளை வெளியே கடத்தியதாக வேணி அக்காவைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள். எனக்கும் மெமோ வந்துள்ளது. வரும் 17ஆம் தேதி வியாழக்கிழமை இறுதி விசாரணை. நடந்ததைச் சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே தப்பியிருப்பார். இரண்டு முறை விசாரித்தும் அவர் வாயைத் திறக்கவில்லை. புத்தூரிலுள்ள அவர் வீட்டுக்கே போய், சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். அது தாம் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் மேல் கோபம் வந்தது. என் மேல் அதைவிட அதிகமாக வந்தது.

5. இப்போது ‘மகளிர் பொருட்கள் மகளிருக்கு மட்டும்’ என்று அறிவிப்பு வேறு ஒட்டியிருக்கிறார்கள். மகளிர் ஓய்வறை மகளிருக்கே இருக்கட்டும். அங்கே நுழைய நான் கேட்கவில்லை. அவர்களுக்குரிய எதையும் குறைக்கவும் கேட்கவில்லை. ‘பெறுபவர் பெயர்’ என்று மட்டும் அந்தப் பதிவேட்டில் இருந்திருந்தால் ஒரு நல்ல செவிலியர் பொய் எழுத நேர்ந்திருக்காது. தமிழில் சொல்லுக்கா பஞ்சம்?

6. ஆகவே, வியாழக்கிழமைக்குள் தாங்கள் தலையிட்டு, வேணி அக்காவை மீண்டும் பணியில் சேர்க்கவும், பதிவேட்டிலும் அறிவிப்பிலும் உள்ள சொல்லைத் திருத்தவும், நாப்கின் பெட்டியை யாரும் எடுக்கக்கூடிய இடத்தில் வைக்கவும் ஆணையிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

7. இம்மனு விளக்கம் கேட்டு நிறுவனத்துக்கே அனுப்பப்படும் என்பதை அறிவேன். காலையில் அங்கே பிரித்தால், மதியச் சாப்பாட்டுக்குள் ஷெட் முழுக்கத் தெரிந்துவிடும். பயமாகத்தான் இருக்கிறது. மனுதாரர் பெயரை மறைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று தங்கள் அலுவலக வாசலில் ஒருவர் சொன்னார். பெயரை மறைத்தால் வேணி அக்கா திருடியாகவே நிற்பார். எனவே மறைக்க வேண்டாம் ஐயா.

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
(ஒப்பம்)
ரத்தினவேல் கலையரசன்