உறைக்குள் இருந்த வட்டம்

சாந்தியாகோ,
ஜூன் 19

அன்பு மகள் அம்பாரோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பனிநாட்டில் சுகமாக இருக்க கார்மேன் மாதா துணையிருக்கட்டும். மார்ச்சில் போனில் அழுதுகொண்டே "வட்டத்தைக் கண்டுபுடிச்சிட்டேம்மா" என்று சொன்ன அப்பா, அப்புறம் ஏன் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டாய். நானும் மூன்று தடவையும் மழை, குளிர், அடுத்த வீட்டு நாய் என்று எழுதி மழுப்பினேன். திட்டாதே, என் வாய்க்குப் பூட்டு போட்டிருந்தார்கள், நேற்றுத்தான் திறந்தது.

அப்பா இருபத்திரண்டு வருஷமாக எதைத் தேடினார் என்று உனக்குத் தெரியும். அண்டம் முடிவில்லாதது அல்ல, அளவுள்ளது என்றால் அது பிறந்தபோது கிளம்பிய ஆதி ஒளி அதைச் சுற்றிக்கொண்டு இரண்டு பக்கமாகவும் நம்மிடம் வந்து சேரும், வானத்தின் எதிரெதிர்த் திசைகளில் ஒரே மாதிரி வட்டங்கள் ஜோடியாகத் தெரியும். ஆனால் ஆசைப்பட்டுத் தேடுகிறவன் கண்ணுக்கு எதுதான் தெரியாது? அதனால் அப்பாவும் நானும் வேலை பார்க்கிற எங்கள் குழுவில் ஒரு வழக்கம். அட்டகாமா பாலைவனத் தொலைநோக்கி அனுப்பும் வான்படத்தில் ஒருவர் மட்டும் ரகசியமாகப் பொய் ஜோடி ஒன்றைக் கலந்துவைக்கலாம், கலக்காமலும் விடலாம், தேடுகிறவர்கள் பிடிக்கிறார்களா என்று பார்க்கத்தான். வைத்த இடத்தை எழுதி உறையில் ஒட்டித் தலைவி கிரிசெல்டாவிடம் கொடுத்துவிட்டு, கட்டுரை முடியும்வரை மூச்சுவிடக் கூடாது. இந்த முறை அது என் தலையில் விழுந்தது. புருஷன் தேடுகிற இடத்தில் பெண்டாட்டி ஒளிக்கலாமா என்று மறுத்தேன், அவளோ "உன்ன விட்டா இந்த ஆபீஸ்ல வாயக் கட்டறவ யாரு இருக்கா" என்று முடித்துவிட்டாள்.

அப்பா கண்டது நான் வைத்த வட்டத்தைத்தான். கேக் வாங்கிக்கொண்டு வந்து இடத்தைச் சொன்னார், "அப்படியா, நல்லது" என்று சொல்லிவிட்டு ரொட்டியை நறுக்கினேன். ஆகஸ்டில் ஓய்வு பெறப் போகிறவர், இதுதான் கடைசிக் கட்டுரை. உறையைத் திறக்கும்போது இந்த மனுஷன் தாங்குவாரா என்று மூன்று மாதமாக நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். நேற்றுக் காலை கைப்பையில் அவருடைய ரத்த அழுத்த மாத்திரையோடு உறை திறக்கும் கூட்டத்துக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கிரிசெல்டா உறையைக் கிழித்துப் படித்ததும் குழுவின் சின்னவர்கள் முகமெல்லாம் வெளுத்துவிட்டது. அப்பா அசையவில்லை, தனக்கு மார்ச்சிலேயே தெரியும் என்றார். எப்படி என்று கேட்டதற்கு என்னைக் காட்டி, "முப்பது வருஷமா நான் அண்டத்துக்கு அளவு உண்டுன்னா இல்லவே இல்லன்னு மல்லுக்கு நிக்கிறவ இவ. வட்டத்தப் பாத்தேங்கறேன், ஒரு கேள்வி கேக்கல. அப்பவே வெளங்கிருச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. வெளியே சொன்னால் நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று ஆகிவிடுமாம், அதற்காக முழங்கால் வலி என்று பொய் சொல்லி, அன்றிலிருந்து தேடலையே தொடாமல் சின்னவர்களிடம் விட்டிருக்கிறார். அவர்களும் தாங்களாகவே பொய் ஜோடியைப் பிடித்துவிட்டார்கள், வேறு ஜோடி எங்கேயும் இல்லை. நம் கண்ணுக்கு எட்டுகிற தூரத்துக்குள் அண்டம் மடங்கவில்லை, அதற்கு அப்பால் முடிவு உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியாது என்றுதான் கட்டுரை சொல்லும். ரகசியம் தெரிந்தவன் பெயர் அதில் இருக்கக் கூடாது என்று அப்பா பேனாவை வாங்கித் தன் பெயரைத் தானே அடித்துவிட்டார். கிரிசெல்டா கெஞ்சியும் கேட்கவில்லை.

எனக்கு மனசு ஆறவில்லை அம்பாரோ. அவர் பெயர் இல்லாத தாளில் என் பெயர் மட்டும் எதற்கு என்று, இன்று காலை அவருக்குத் தெரியாமல் என் பெயரையும் எடுத்துவிடச் சொல்லி கிரிசெல்டாவுக்கு எழுதிவிட்டேன். மத்தியானம் சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "போகட்டும் விடு, நம்ம வீட்ல உன் பேராவது அதுல இருக்கே, அது போதும் எனக்கு" என்றார். நான் என்ன செய்வேன், சொல்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். வெயில் குறைந்த ஊர், டாக்டர் கொடுத்த வைட்டமின் மாத்திரையை மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அவசியம் அப்பாவுக்குப் போன் பண்ணு.

உன் அம்மா,
நெலிடா