உன் நண்பர்கள் பட்டியலில் இருந்த குரல்

எங்களை விட்டுப் போனாலும் எனக்குள்ளேயே இருக்கிற என் மாமாவுக்கு,

கட்டின நாளிலிருந்து உன்னை மாமா என்றே சொல்லிப் பழகிவிட்டேன், எழுத்திலும் அதுதான் வருகிறது. வீட்டில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. மற்றவர்களும் படிக்கட்டும். டிவியில் கன்சோலை மாட்டி ஆன்லைனில் விளையாடுகிற பிள்ளைகள் எத்தனையோ வீட்டில் இருக்கிறார்கள்.

பவி ஏழாவது போய்விட்டாள். நீ காய்ச்சலில் போனதிலிருந்து, ஸ்கூல் விட்டு வந்ததும் உன் கன்சோலைப் போட்டு உன் கணக்கிலேயே விளையாடுவாள். ‘வஞ்சிரம்’ என்று நீ வைத்த பெயர்தான் இன்னும் திரையில் வருகிறது. நான் தி.நகர் துணிக்கடையில் வேலை முடித்து, பஸ் பிடித்து, நொச்சிக்குப்பம் வந்து சேர இருட்டிவிடும். அதுவரைக்கும் அந்த விளையாட்டு பிள்ளைக்குத் துணை என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒருநாள் தலைவலி தாங்காமல் பர்மிஷன் சொல்லிவிட்டு வெயில் தாழும் முன்பே வந்துவிட்டேன். படியேறும்போது நம் வீட்டுக்குள் ஓர் ஆம்பளைக் குரல். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

“அம்மா எப்ப வருவாங்க பாப்பா?”

“இருட்டினப்பறம்தான் வரும் அங்கிள்.”

“அப்ப வீட்டுல நீ மட்டும்தானா?”

கதவை இடித்தேன். உள்ளேயிருந்து அந்தக் குரலே சொன்னது: “யாரோ கதவத் தட்றாங்க பாரு.”

பவி வந்து திறந்தாள். அவளைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினேன். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், பாத்ரூமில் பார்த்தேன். யாருமில்லை. டிவியில் துப்பாக்கி ஏந்திய பொம்மைகள் நின்றுகொண்டிருந்தன.

“இன்னாம்மா தேடற? நைனா பிரெண்டு பேசினுகீறாரு” என்றாள்.

கையில் பிடித்து ஆடும் அந்த கன்ட்ரோலருக்குள்ளேயே மைக் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஹெட்போன் வாங்கிக்கொள் என்று நான் சொன்னபோதெல்லாம் நீ என்ன சொல்வாய்? “காத அடச்சிக்கினு குந்தினா, படகு தள்ளக் கூப்ட்டா எப்டி கேக்கும்?” குப்பத்தில் யார் குரல் கொடுத்தாலும் எழுந்து போகவேண்டும், நியாயம்தான். ஆனால் அதனால் நம் வீட்டு மைக் எந்நேரமும் திறந்தே கிடந்திருக்கிறது. குக்கர் விசில், பக்கத்து வீட்டுச் சண்டை, ரோட்டில் மீன் கூவுவது எல்லாம் அந்தப் பக்கம் போயிருக்கிறது.

“அந்த அங்கிள் சூப்பரும்மா. சத்தத்த வச்சே கண்டுபுட்சிட்டாரு. மீன் விக்கிறாங்க, சர்ச் மணி அடிக்குது, சாந்தோம் பக்கந்தானேன்னாரு. எத்தினியாவது மாடின்னு கூட கேட்டாரு.”

“சொன்னியா?”

“இன்னும் சொல்லல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். 

அன்றைக்கே அவளையே செட்டிங்ஸைத் திறக்கச் சொன்னேன். உன்னோடு யாரெல்லாம் பேசலாம் என்று கேட்கிற இடத்தில் மூன்று வழி இருந்தது. எல்லாரும், நண்பர்கள் மட்டும், யாரும் வேண்டாம். நீ ‘எல்லாரும்’ என்று வைத்திருந்தாய். நான் ‘நண்பர்கள் மட்டும்’ என்று மாற்றிவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தேன். மறுநாள் கடைக்கு லீவு சொல்லி அவள் பக்கத்திலேயே இருந்தேன். ஆட்டம் தொடங்கி கொஞ்ச நேரத்தில் அதே குரல்.

“நேத்து யாரு பாப்பா வந்தது?”

அவன் உன் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறான் மாமா. ‘ஸ்மைலி ராஜ்’ என்று பெயர். கேட்டவர்களையெல்லாம் சரி சரி என்று நீ சேர்த்திருக்கிறாய். நம் வாசலில் வந்து நின்ற யாரையுமே நீ போ என்று சொன்னதில்லையே. பட்டியல் இறங்கிக்கொண்டே போகிறது, ஒருவருக்கும் முகமில்லை. இதில் யார் உனக்குத் தெரிந்தவர், யார் தெரியாதவர்? நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

ஞாயிற்றுக்கிழமை பவியை உன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, நானே கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆன்லைனில் இருப்பதாகப் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி காட்டியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். “நான் வஞ்சிரத்தோட சம்சாரம். நீங்க யாரு?” சில பேர் பதில் சொல்லாமல் ஓடிவிட்டார்கள். ‘தயிர்சாதம்’ என்று ஒருவர், மயிலாப்பூர்க்காரர், அவர் மட்டும் பதறினார்.

“அவர் எங்க மன்னி? பேர் வந்துண்டே இருக்கு, ஆனா ஒரு குழந்தை குரல்தான் கேக்கறது. அடுத்தவா ஆத்துக் குழந்தைகிட்ட நமக்கென்ன பேச்சுன்னு நான் உடனே வெளில வந்துடுவேன். என்மேல கோச்சுண்டுட்டாரோன்னு நெனச்சுண்டிருந்தேன்.”

நீ இல்லை என்று அவரிடம் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பார்த்தே இராத ஒரு மனுஷர் உனக்காக அழுதார் மாமா. எனக்கும் அடக்க முடியவில்லை.

கடைசியில் அவன் வந்தான். யாரு நீ என்று கேட்டேன். மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

“பாப்பா இல்லியா?” என்றான். கோபமில்லை, பயமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் விசாரிப்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டான்.

“அவளோட அம்மா பேசறேன். போலீசுக்குப் போறேன்” என்றேன்.

சிரித்தான். அப்புறம் பச்சைப் புள்ளி அணைந்துவிட்டது.

அவனைத் தடை செய்தேன், விளையாட்டிலேயே புகாரும் கொடுத்தேன். தயிர்சாதம் சொல்லித்தந்தபடி சைபர் கிரைமிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆள் பெயர் கேட்டார்கள். ஸ்மைலி ராஜ் என்றேன். அடையாளம் கேட்டார்கள். குரல் தெரியும் என்றேன். விசாரிக்கிறோம் என்றிருக்கிறார்கள். இந்தத் தைரியத்தில் எத்தனை நாள் இருக்க முடியும்?

முகம் தெரிந்தால் ஒதுங்கிப் போய்விடலாம். குரல் மட்டும் தெரிந்தால் எல்லாரையும் பார்த்துப் பயப்பட வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் பின் சீட்டில் யாராவது போனில் பேசினால் திரும்பிப் பார்க்கிறேன். முந்தாநாள் கடையில் ஒருவர், “பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை காட்டுங்க” என்றார். கையிலிருந்த துணி கீழே விழுந்துவிட்டது. பக்கத்தில் அவர் மனைவி இருந்தாள், மகள் இருந்தாள். அவர் பில் போட்டு வெளியே போகிறவரைக்கும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் கணக்கில் இப்போது ‘யாரும் வேண்டாம்’ என்று வைத்துவிட்டேன். பட்டியலில் தயிர்சாதத்தை விட்டுவிட்டு எல்லாரையும் நீக்கிவிட்டேன், நீ கோபித்துக்கொண்டாலும் சரி. பவி மாலையில் உன் அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். பேச்சில்லாமல் ஆடேன் என்றால், வேண்டாம் என்கிறாள். அதனால் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றி, கன்சோலைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன்.

நேற்று சாப்பிடும்போது, குழம்பில் உப்பு இல்லை என்பதை என் காதருகே வந்து சொன்னாள்.

“அதச் சத்தமாத்தான் சொல்லேன்டி” என்றேன்.

பரணைக் கண்ணால் காட்டினாள்.

“அதான் பிளக்கு கூட மாட்டாம கீதே.”

“தெரியும்மா” என்றாள். அதையும் குசுகுசுவென்றுதான் சொன்னாள்.

நம் பிள்ளை நம் வீட்டுக்குள் வாய்விட்டுப் பேசுகிற வரைக்கும் நான் ஓயமாட்டேன் மாமா. இது உனக்கு நான் செய்து தருகிற சத்தியம். எனக்கும் இன்னும் பயம் போகவில்லை. பயந்துகொண்டேதான் அவளைக் காப்பேன்.

உன் பெண்டாட்டி,
பவியின் அம்மா