மரேசியா ஜெயித்த ஆண்டு

லுவாண்டா,
9 மார்ச் 1986

அன்புள்ள எவரிஸ்தோ அண்ணாவுக்கு,

லினோ எழுதுவது. நான் நலம். மெனோங்கே முகாமுக்கு விமானம் புறப்படுகிறது என்றார்கள். அவசரமாக எழுதிக் கொடுத்தனுப்புகிறேன். பட்டாளத்துக்குப் போனதும் தம்பி என்று ஒருவன் இருப்பதே மறந்துவிட்டதா? ஒரு வரி கூட இல்லை.

எங்கள் மரேசியா கழகம் தலைநகரின் பெரிய அணியைத் தோற்கடித்துவிட்டது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு, கண்டெய்னரில் இரும்பு வளையத்தை வெல்டிங் வைத்துக் கூடைப்பந்து ஆடிய கூட்டம் என்று எங்களைக் கேலி செய்தவர்களே எழுந்து நின்று கத்தினார்கள். கழகத் தலைவர் கமாண்டர் குவாரெஸ்மா எங்களை ஒரு மாடி வீட்டில் தங்கவைத்திருக்கிறார். தினமும் மீன், மரவள்ளிக் களி, செம்பனை எண்ணெயில் வெந்த பயறு.

வெளியேதான் விடமாட்டார்கள். உள்நாட்டுப் போருக்கு ஆள் பிடிக்கும் பட்டாள லாரி தெருத்தெருவாகச் சுற்றுகிறது. "கழக அட்டை உன் பையில இருக்கிற வரைக்கும் ஒருத்தனும் உன்னைத் தொட மாட்டான். ஆடுறதை நிறுத்தினா அட்டை என்கிட்ட வந்துரும்" என்கிறார் கமாண்டர், சிரித்துக்கொண்டே.

லொபிட்டோவில் அம்மா சுகம். இரண்டு பேரில் ஒருத்தனாவது வந்து போகக்கூடாதா என்று சொல்லியனுப்பினாள்.

உன் தம்பி,
லினோ

மெனோங்கே,
2 ஜூன் 1986

அருமைத் தம்பி லினோ,

உன் கடிதம் மழையில் நனைந்து வந்து சேர்ந்தது. உங்கள் ஆட்டத்தை ரேடியோவில் கேட்டோம். "லினோ, மறுபடியும் லினோ" என்று வர்ணனையாளன் கத்தக் கத்த, எங்கள் சார்ஜென்ட் கேட்டார்: "உன் தம்பி என்ன பனைமரமாடா?" "பனைமரமாவது நிமிர்ந்து நிக்கும் சார். அவன் ஒவ்வொரு வாசலுக்கும் குனியணும்" என்றேன்.

என் சேவைக் காலம் போன வருஷமே முடிந்தது. விடுவிக்கும் உத்தரவு அடுத்த விமானத்தில் வரும் என்கிறார்கள். விமானத்தில் மாவும் தோட்டாவும்தான் வருகின்றன. சாலையெல்லாம் கண்ணிவெடி, நடந்தும் போக முடியாது. மீன் அலுத்துப்போனால் உறையில் போட்டு அனுப்பு.

அட்டையை மட்டும் விட்டுவிடாதே. இந்த ஊர் உனக்கு வேண்டாம்.

உன் அண்ணன்,
எவரிஸ்தோ

லுவாண்டா,
11 பிப்ரவரி 1987

அன்புள்ள அண்ணா,

தேசியக் கோப்பை எங்களுக்குத்தான். கடைவீதியெங்கும் எங்கள் நீலக் கொடி. நான் அதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன்.

வலது முழங்கால் வீங்கிவிட்டது. ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் ஊசி போடுகிறார்கள். "வலிக்குது கமாண்டர்" என்றேன். "இங்க கொஞ்ச நேரம் ஓடினாப் போதும். அங்க போனா நாள் முழுக்க ஓடணும். யோசிச்சுக்கோ" என்றார்.

லிஸ்பனிலிருந்து வந்திருந்த ஒரு பயிற்சியாளர் என் ஆட்டத்தைப் பார்த்தார். அறுவை சிகிச்சை செய்து, தன் அணியில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். அன்று மாலையே எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கமாண்டரின் மேசைக்குள் போய்விட்டது. ஆண்டு முடிவில் ஆப்பிரிக்கக் கோப்பைக்காகக் கெய்ரோ போகிறோம்.

லினோ

மெனோங்கே,
30 ஏப்ரல் 1987

லினோ,

கெய்ரோவில் பாஸ்போர்ட் உன் கைக்கு வரும். வாங்கிக்கொண்டு அந்த லிஸ்பன்காரரிடம் போய்விடு. காலைச் சரி செய்துகொள். அம்மாவை நான் எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன். என்னைப் பற்றி யோசித்துக்கொண்டு நிற்காதே.

படித்ததும் கிழித்துவிடு.

அண்ணன்

லுவாண்டா,
16 ஆகஸ்ட் 1987

அன்புள்ள அண்ணா,

கோபப்படாமல் படி. கோப்பை ஜெயித்ததற்காக ஆளுக்கொரு ஐஸ் பெட்டி தருவதாகக் கமாண்டர் சொன்னார். எனக்கு வேண்டாம், என் அண்ணனைக் கொண்டுவாருங்கள் என்றேன். "ஐஸ் பெட்டிதான் சல்லிசு, லினோ" என்றார்.

கழகத்துப் பஸ்ஸுக்கு டிரைவராக உன்னைக் கேட்டு எழுதியாகிவிட்டது. மரேசியா போதும் என்று சொல்லும் வரை வேறு எங்கும் ஆடமாட்டேன் என்று நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உத்தரவு வரும்போது வாதம் பண்ணாமல் விமானத்தில் ஏறு.

லினோ

லுவாண்டா,
24 நவம்பர் 1987

லினோ,

நீங்கள் கெய்ரோவுக்குப் புறப்பட்ட மறுநாள் நான் வந்திறங்கினேன். இதை ஒரு விமானப் பணிப்பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில் மட்டும் தருவாள்.

பஸ் பூராவும் உன் படம். சுவரில் எல்லாம் உன் படம். பார்க்கப் பெருமையாக இருக்கிறது, வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது. என்னைக் கேட்காமல் உன் காலை விற்று என்னை வாங்கியிருக்கிறாய். யார் கேட்டது?

கமாண்டர் கிளம்பும் முன் எனக்கு ஒரு செய்தி சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய ஆள் வந்து அப்படியே ஒப்பித்தான்: "உன் தம்பி எல்லாரோடயும் திரும்பி வரணும். வரலைன்னா மெனோங்கே விமானத்துல உனக்கு எடம் இருக்கு."

இருக்கட்டும். எனக்கு அங்கே பழகிவிட்டது; எங்கே படுக்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று தெரியும். நீ வராதே. வந்தால் உன் முகத்தில் விழிக்கமாட்டேன்.

எவரிஸ்தோ

கெய்ரோ,
30 நவம்பர் 1987

அன்புள்ள அண்ணா,

ஜெயித்துவிட்டோம். மூட்டை தூக்கியவர்கள் ஆப்பிரிக்காவின் கோப்பையைத் தூக்கினார்கள். ரேடியோவில் கேட்டிருப்பாய். கடைசியில் நான் கால் மடங்கி விழுந்ததை வர்ணனையாளன் சொன்னானோ என்னவோ. என்னைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். சந்தோஷத்தில் தூக்குகிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

லிஸ்பன்காரர் ஓட்டலுக்கு வந்தார். பாஸ்போர்ட் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கார் கீழே நிற்கிறது என்றார். நான் எழுந்திருக்கவில்லை. "அங்கே யாருக்காகப்பா திரும்பிப் போறே?" என்று கேட்டார். "எங்க பஸ் டிரைவர் காத்திட்டிருப்பார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. கைகுலுக்கிவிட்டுப் போனார்.

காலைப் பற்றிக் கமாண்டர் ஒன்றும் கேட்கவில்லை. ஜனவரியில் அடுத்த ஆட்டம் என்றார்.

வியாழக்கிழமை வருகிறோம். பஸ்ஸை விமான நிலையத்துக்குக் கொண்டுவா. என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். சரி. டிரைவர் ரோட்டைத்தான் பார்க்க வேண்டும். நான் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் தம்பி,
லினோ