பத்தடி இறக்கைக்கு ஏற்ற இன்ஜின்

மதுரை,
ஜனவரி 21

அன்புள்ள சாய்குமாருக்கு அம்மா எழுதிக்கொண்டது. பெருமாள் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சௌகரியம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் ரம்யாஸ்ரீயும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது. தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று யோசனை சொல்லிவிடுகிறாய், நாலாவதாக ஒரு லிங்க் வந்து விழுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் வாயைத் திற.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், நீ அனுப்பிய இன்ஜின் எனக்கு வேண்டாம். ஹாலை அடைத்துக்கொண்டு நிற்கிற இந்த ரிமோட் விமானத்தை மாசி பிறப்பதற்குள் ஒரு தடவையாவது என் கையால் பறக்கவிட வேண்டும், என் ஆசை அவ்வளவுதான். ஸ்கூலில் என்.சி.சி. ஏர் விங் பிள்ளைகளுக்கு இருபது வருஷம் சின்னச் சின்ன மாடல் செய்யச் சொல்லிக் கொடுத்தேன், எனக்கென்று செய்துகொண்டது இது ஒன்றுதான். பழைய காலத்து வடிவம், பத்தடி இறக்கை, உள்ளே தக்கை மாதிரி லேசான பல்சா கட்டை, மேலே அப்பா கடையில் விலைபோகாமல் கிடந்த மஞ்சள் பட்டு. இரண்டு வருஷமாக வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் இறக்கைக்கு அடியில் குனிந்துதான் சமையலறைக்குப் போகிறார்கள், உன் அத்தை ஒரு நாள் நிமிர்ந்து மண்டையில் இடித்துக்கொண்டு இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இத்தனை பாடுபட்டது எதற்கு, அந்த இன்ஜினை மாட்டி ராக்கெட் விடுவதற்கா.

உனக்கு நான் தெளிவாகத்தான் சொன்னேன். அந்தக் காலத்து விமானத்துக்கு மூக்கு குட்டை, இன்ஜின் கனமாக இருக்கும் என்று நினைத்தே வரைந்த வடிவம். எத்தனை கனம் வேண்டும் என்று பார்க்க நான் இறக்கைக்கு அடியில் விரல் கொடுத்துத் தூக்க, அப்பா மூக்கில் தொங்கவிட்ட மஞ்சப்பையில் துவரம்பருப்பை டம்ளர் டம்ளராகப் போட்டார். வால் மேலே வந்து விமானம் மட்டமாக நின்றதும் பருப்பை நிறுத்துப் பார்த்தோம், ஒரு கிலோ எழுநூறு கிராம். அதே எடையில், நிதானமாகச் சுற்றுகிற இன்ஜின் வேண்டும் என்றுதான் கேட்டேன். நீ என்ன செய்தாய், அம்மா, பாதி எடைதான், பவர் ரெண்டு மடங்கு என்று சந்தோஷமாக எண்ணூற்று ஐம்பது கிராமில் ஒன்றை அனுப்பிவைத்தாய். மீதிக்கு மூக்கில் ஈயக்கட்டி வைத்துக்கொள் என்று யோசனை வேறு. கார் கம்பெனியில் இன்ஜின் பார்க்கிறவன், எதிலும் எடையைக் குறை, வேகத்தைக் கூட்டு என்பதுதான் உன் புத்தி. விமானத்தைச் செய்தவள் என்ன கேட்கிறாள் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா.

இருந்தாலும் பிள்ளை அனுப்பியதாயிற்றே என்று மார்கழிக் கடைசியில் அதை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். அப்பா கடையில் வேட்டி எடுக்கிற பேயாண்டிக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் அறுப்பு முடிந்த வயல் இருக்கிறது, விமானம் விடுவதற்கும் அந்த இடத்துக்குத்தான் போலீஸில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியிருக்கிறேன். வரப்பு ஓரம் பலகையில் இன்ஜினைத் திருகி ஓடவிட்டோம். பத்தடி தள்ளி அவருடைய ஜல்லிக்கட்டுக் காளை கட்டியிருப்பதை நானும் அப்பாவும் பார்த்தோம், இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை. இன்ஜின் வீல் என்று கத்தியதுதான் தாமதம், காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. இரண்டு மணி நேரம் தேடி ஒரு கரும்புத் தோட்டத்துக்குள் கண்டுபிடித்தார்கள். பேயாண்டி முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏக்கா, பத்து நாள்ல வாடியில அவுக்கப் போற மாட்டை இப்படி மெரள விட்டுட்டீகளே, அம்புட்டு சத்தம் எதுக்கு, இது ஏரோப்ளேனா மரம் அறுக்குற மிசினா என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்வது, என் மகன் வாங்கிக் கொடுத்தது என்றா. தலையைக் குனிந்துகொண்டு வந்தேன், வழியெல்லாம் உன்னைத் திட்டினேன், அதையும் மறைக்கவில்லை.

அப்புறம் கோரிப்பாளையத்தில் மருந்தடிக்கிற மிஷின் ரிப்பேர் பார்க்கிற பரீத் பாயிடம் போனேன். மூடிப்போன ஒரு மாடல் கிளப்பிலிருந்து வந்த பழைய ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் அவரிடம் கிடந்தது. வால்வு ஸ்பிரிங்கை மாற்றி, கார்பரேட்டரைக் கழுவி, ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினார். டீச்சர், இது கெளம்புறதுக்குச் சோம்பேறி, கெளம்பிட்டா நிக்காது என்றார். மாட்டுகிற தகடோடு நிறுத்தால் ஒரு கிலோ அறுநூற்று நாற்பது, இரண்டு போல்ட்டைக் கனமாகப் போட்டால் சரியாகிவிடும். நல்ல வேளை, பேயாண்டி காளை இந்த வருஷம் யாரிடமும் பிடிபடவில்லை, அந்தச் சந்தோஷத்தில் அவரே கூப்பிட்டு, கொண்டாங்க பாப்போம் என்றார், காளையை மட்டும் இரண்டு கயிறு போட்டுத் தள்ளிக் கட்டியிருந்தார். பெரிய விசிறி மெதுவாகச் சுற்ற, புட்புட்டென்று ஓடியது. காளை தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைக்கோலைத் தின்ன ஆரம்பித்தது. எனக்கு அந்த இன்ஜின் போதும்.

இதைச் சொல்லலாம் என்று போன் செய்தால், பழைய சாமானை நம்பாதே, கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையனை அனுப்புகிறேன், என் இன்ஜினை மாட்டு, அவன் பறக்கவிட்டுக் காட்டுவான் என்கிறாய். நான் செய்த விமானத்தை ஊரான் பறக்கவிட்டு எனக்குக் காட்ட வேண்டுமா. கோபத்தில் போனை வைத்துவிட்டேன், அதற்கப்புறம்தான் உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் இருப்பது என் தப்பு என்று தோன்றியது. ஆனி மாசத்திலிருந்து என் வலது கட்டைவிரல் நடுங்குகிறது. காபி டம்ளரை வைத்து அப்பா கண்டுபிடித்துவிட்டார், உனக்குச் சொல்ல வேண்டாம் என்றது நான்தான். நரம்புக் கோளாறு, உயிருக்குப் பயமில்லை, மாத்திரை சாப்பிடுகிறேன், ஆனால் போகப் போகக் கூடத்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரிமோட்டின் குச்சியைப் பிடிப்பது அந்த விரல்தான். நிதானமான இன்ஜின் என்றால் விரல் கொஞ்சம் ஆடினாலும் விமானம் பொறுத்துக்கொள்ளும், உன் இன்ஜின் பொறுக்காது, அரை நொடியில் தரையில் இருக்கும். எனக்கு ஏன் வேகம் வேண்டாம் என்று இப்போதாவது புரிகிறதா. எனக்கு அழுகையாகத்தான் வருகிறது சாய், ஆனால் அழுதால் நீ இன்னும் நாலு லிங்க் அனுப்புவாய்.

பிப்ரவரி எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, காற்று எழும்புவதற்கு முன்னால் விடுவதாக இருக்கிறேன். இரண்டு ரிமோட்டை இணைத்து வைத்திருக்கிறேன், ஒன்று என் கையில், இன்னொன்று பக்கத்தில் நிற்பவர் கையில். அவர் ஒரு சுவிட்சைத் தட்டினால் விமானம் அவர் கைக்குப் போய்விடும். அப்பாவிடம் கொடுத்தால் என் விரல் ஆடிய மறுநிமிஷம் பதறிப்போய்த் தட்டிவிடுவார். பரீத் பாய், டீச்சர் கையிலிருந்து எப்படிப் பிடுங்குவது என்று அது விழுந்து நொறுங்கும்வரை மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். சின்ன வயதில் என்னோடு மாடல் விட்டவன் நீ, நீதான் வந்து நிற்க வேண்டும். நீ வராவிட்டாலும் தேதியைத் தள்ளிப்போட மாட்டேன், இரண்டாவது ரிமோட் இல்லாமலே விடுவேன்.

உங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம், பெருமாள் துணை இருப்பார். ரம்யாஸ்ரீயை வேளைக்குச் சாப்பிடச் சொல், அவளுக்கும் லீவு கிடைத்தால் கூட்டிக்கொண்டு வா. எனக்காக ஒன்றும் வாங்க வேண்டாம், கையை வீசிக்கொண்டு வா, உன் இன்ஜினைத் திருப்பிக் கொண்டுபோகப் பெட்டியில் இடம் மட்டும் வைத்துக்கொள். ஒன்றை மறக்காதே, விமானம் எப்படி ஆடினாலும், நான் எடுத்துக்கோடா என்று சொல்லும்வரை அந்த சுவிட்சில் கை வைக்காமல் நிற்க வேண்டும். உன்னால் முடியுமா என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா
சுந்தரவல்லி ராமதாஸ்