ஃபீபி வைத்த கொள்ளி

ஆஷ்வெல் பாலம், டெர்பிஷயர், இங்கிலாந்து
1793, ஜூன் 9

அன்புள்ள கணவர் ஜோசையாவுக்கு,

டாமரிஸ் எழுதிக்கொள்வது. நான் நலம். நம் மகள் ஃபீபி நலமில்லை. பிலடெல்பியாவில் நீங்கள் நலமாக மட்டுமல்ல, உற்சாகமாகவும் இருக்கிறீர்கள் என்று கடிதத்தில் கண்டேன். "வைக்கோலைத்தானே எரிச்சாங்க, எனக்கு ஒரு முடிகூடக் கருகலையே" என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் அண்ணன் ரூபன் பாதியை மறைத்து எழுதினால் உங்களுக்கு எல்லாம் வேடிக்கையாகத்தான் இருக்கும். மீதியை நான் எழுதுகிறேன், சிரிக்க முடிந்தால் சிரியுங்கள்.

குளிர்காலம் முழுக்க ஊருக்கு ஊர் சீர்திருத்தக்காரர்களின் கொடும்பாவியை எரித்து ராஜவிசுவாசத்தைக் காட்டினார்கள். நம் ஊருக்கு உங்கள் கொடும்பாவி. நூல் ஆலை முதலாளி அரைநாள் விடுமுறையும் பீப்பாய் பீப்பாயாக பீரும் கொடுத்தார். கடிகாரம் செய்த கையால் அவருடைய இயந்திரங்களுக்குப் பற்சக்கரம் வெட்டிக் கொடுத்தவரைக்கும் நீங்கள் தங்கமான மனுஷன். ஏழைக்கும் ஓட்டு வேண்டும் என்ற புத்தகத்தை மதுக்கடையில் உரக்கப் படித்ததும் ராஜதுரோகி! பிடிக்க ஆள் வருகிறது என்றதும் நீங்கள் கப்பல் ஏறிவிட்டீர்கள். நாங்கள் இங்கேதானே இருந்தோம்?

கொடும்பாவிக்குப் போட உங்கள் உடுப்பைக் கேட்டு வந்தார்கள். நான் கதவை அறைந்து சாத்தினேன். தன் தறிக்கு ஆலை நூல் நின்றுவிடுமே என்று பயந்து, ரூபன்தான் தன்னிடம் இருந்த உங்கள் கல்யாணக் கோட்டையும் தொப்பியையும் எடுத்துக் கொடுத்தார். "துணிதானே டாமரிஸ், அவனையா குடுத்தேன்?" என்று என்னிடமே கேட்கிறார். அந்த ஆளின் முகத்தில் நான் விழிப்பதில்லை.

கோட்டுக்குள் வைக்கோலோடு, மாட்டு ரத்தம் நிரப்பிய ஒரு தோல்பையையும் வைத்துத் தைத்தார்கள். சந்தைத் திடலில் தூக்கில் தொங்கவிட்டு மார்பில் சுட்டார்கள். ரத்தம் கொட்டியது. ஊரே கைதட்டியது. ஆலையில் அறுந்த இழையை முடிச்சுப் போடும் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள், அதில் நம் ஏழு வயதுப் பெண்ணும் நின்றாள். ஆலை மேஸ்திரி, "அப்பன் செஞ்ச சக்கரத்துலதான் நம்ம ஆலை ஓடுது. மரியாதையா மகளே கொள்ளி வெக்கட்டும்" என்று பந்தத்தை அவள் கையில் திணித்தான். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து அவள் அடுப்பருகே வருவதில்லை. ஓட்ஸ் கஞ்சியை ஆறவைத்துத்தான் குடிக்கிறாள். போன ஞாயிறு தேவாலயத்திலிருந்து வரும் வழியில் கேட்டாள்: "அம்மா, சுட்டப்பவே அப்பா செத்துட்டாங்களா, இல்ல நான் தீ வெச்சப்பவா?"

அது வெறும் பொம்மை என்றேன். வைக்கோலுக்கு ரத்தம் வருமா என்கிறாள். மாட்டு ரத்தப் பையைப் பற்றிச் சொன்னாலும் நம்பவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது, நானே இட்டுக்கட்டிச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். "நீ பொய் சொல்ல வேணாம்மா. எனக்குத் தெரியும்" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தாள். ஜோசையா, என் பிள்ளை எனக்கு ஆறுதல் சொல்கிறாள்! மேஸ்திரியின் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரமோ, அதற்குக் குறையாமல் உங்கள் மேலும் இருக்கிறது. மனிதர் எல்லாரும் சமம் என்று ஊருக்குப் படித்த நீங்கள், அந்தப் படிப்புக்கு இந்த வீட்டில் யார் அடி வாங்குவார்கள் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?

நீங்கள் இங்கே வர முடியாது, வந்தால் சிறை. அதனால் நாங்கள் வருகிறோம். கடல் என்றாலே எனக்குக் குலை நடுங்கும், உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் வருகிறேன். லிவர்பூலிலிருந்து இரண்டு பேருக்கு இடம் பிடியுங்கள். பிலடெல்பியா துறைமுகத்துக்கு வேறு ஆளை அனுப்பிவிடாதீர்கள், நீங்களே வந்து நில்லுங்கள். சட்டைப் பொத்தானைத் திறந்து வையுங்கள். அவள் உங்கள் மார்பில் காயத்தைத் தேடுவாள். அவசரப்படுத்தாமல் தேட விடுங்கள்.

அதுவரை கர்த்தர் உங்கள் மேல் ஒரு கீறல்கூட விழாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் தீராத உங்கள் மனைவி
டாமரிஸ்