எல்லோருக்கும் தெரிந்த கடவுச்சொல்

ஆடி 12, திங்கட்கிழமை, இரவு.

கீழப்பழுவூர்க் கூட்டத்தில் இன்று ஒரு மணி நேரம் முழங்கினேன். தகாத படங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்க, அவர்கள் தொடும் கைப்பேசி ஒவ்வொன்றிலும் தடுப்புச் செயலி வேண்டும் என்றேன். என் மகள் கயலின் கைப்பேசிக்கு நான் இட்ட பூட்டையே சான்றாகக் காட்டினேன். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

அரியலூருக்குத் திரும்பி அக்கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். தடுப்பு நீக்கப்பட்டு மூன்று வாரமாகிறது.

"கடவுச்சொல்லை உனக்கு யார் சொன்னது?" என்றேன்.

"நீங்கதாம்ப்பா. மைக்கப் புடிச்சா மொதல்ல 'முதல் வணக்கம்'னுதான ஆரம்பிப்பீங்க? அதையே போட்டுப் பாத்தேன், தொறந்துடுச்சு. எங்க கிளாஸ் புள்ளைங்களே கண்டுபுடிச்சிருவாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயது. இந்த மூன்று வாரத்தில் என்ன பார்த்தாய் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். "போய்ச் சாப்பிடு" என்று மட்டும் சொன்னேன்.

புதிய கடவுச்சொல் வைக்க வேண்டும். மேடையில் நான் சொல்லாத சொல் ஒன்றும் அகப்படவில்லை. அது கிடக்கட்டும். காலையில் அவள் பள்ளிக்குப் புறப்படுமுன் அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும், அவள் அஞ்சாதபடி. அதன் முதல் வரியை நான்கு முறை எழுதி அடித்துவிட்டேன்.