மாமன் வீட்டுக்கு ஒருத்தி

14.9.1975

மாமா வந்து இறங்கினார். சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை; வள்ளத்தில் வரும் வழியெல்லாம் சத்தி எடுத்தாராம். வந்த மனிசன் முகம் கழுவ முதலே ஐயாவைப் பார்த்துத் தொடங்கிவிட்டார். "கொக்குவிலிலை நான் உயிரோடை இருக்கிறன். என்ரை அக்காவின்ரை பெட்டை கண்டறியாத விடுதியிலை போய்க் கிடக்கிறதோ?"

ஐயா தலையாட்டினார். எனக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இடம் கிடைத்த நாளில் இருந்து வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் அவர் தலையாட்டிக்கொண்டுதான் திரிகிறார். மகள் கம்பஸுக்குப் போகிறாள் என்ற சந்தோஷப் புழுகத்தில் வேறு ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை.

வளாகத்துக்கு விடுதி என்றாலும் நடை தூரம், மாமா வீடு என்றாலும் நடை தூரம். மாமா சொல்லியாயிற்று, ஐயா தலையாட்டியாயிற்று, அம்மா கோழி அடிக்கச் சொல்லியாயிற்று. போய் நிற்கப் போகிறவள் நான். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

16.9.1975

மச்சான் இருக்கிற வீட்டில் ஒரு பெட்டை நின்று படிக்கிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நெடுந்தீவில் தெரியாதவர்கள் இல்லை. அவள் அந்த வீட்டுக்குத்தான். தாலி மட்டும்தான் மிச்சம். அங்கே கட்டாமல் திரும்பி வந்தாலோ, பிறகு எந்தச் சம்பந்தமும் எங்கள் படலைக்கு வராது. "இவ்வளவு நாளும் அங்கை எல்லோ நிண்டவள்" என்று ஒருத்தி சொன்னால் போதும்.

மச்சான் என்பவர் மாமாவின் மகன் சிவபாதம் அத்தான். கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளார்க். போன வருஷம் சோதனை எடுக்கப் போய் அந்த வீட்டில் தங்கினேன். சோற்றுக் கோப்பையில் இருந்து தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார், தலையை நிமிர்த்தாமல் கை கழுவினார், தலையை நிமிர்த்தாமல் படுக்கப் போனார். அவருக்கு என் முகம் தெரியுமோ என்பதே சந்தேகம். மாமி நல்லாய்க் கதைப்பா. நான் குசினிக்குள் நின்றால் மட்டும். புத்தகத்தோடு கதிரையில் இருந்தால் உடனே இடுப்பு நோகும் அவவுக்கு.

நான் போகமாட்டேன். எது செய்தாவது போகமாட்டேன்.

20.9.1975

அம்மாவோடு கொளுவல். விடுதிக்குத்தான் போவேன் என்றேன். யாழ்ப்பாணத்தில் உறவு வீடு இருக்கிற பிள்ளைகளுக்கு விடுதியில் கடைசியாகத்தான் இடமாம், அதனால் ஒருவரும் இல்லை என்று சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன். அம்மா நெஞ்சில் கை வைத்தா.

"நான் என்ரை தம்பியின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது? அதுவும் பொம்பிளைப் பிள்ளை இல்லாத வீடு. மாமிக்கும் இடுப்பு ஏலாது. எங்கடை வீட்டிலை இருந்து ஒருத்தி போய் நிண்டால்தான் எனக்கு மரியாதை."

21.9.1975

ஒருத்தி என்றுதானே சொன்னா. இன்னார் என்று சொல்லவில்லை.

25.9.1975

கமலாவைக் கிணற்றடியில் பிடித்தேன். என் தங்கச்சிக்குப் பதினாறு வயது. வாய் ஓயாது. மாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதை வாளியோடு நடந்து காட்டுவாள். பார்த்தால் சிரித்துச் சாகலாம். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. நான் சொல்லவில்லை, கணக்கு வாத்தியார் சொன்னது. இங்கே அவளுக்கு மேலே படிக்கக் கணக்கு வகுப்பு இல்லை.

"மாமா வீட்டிலை நிண்டு ரவுணுப் பள்ளிக்கூடத்திலை படிக்கிறியே?" என்றேன்.

வாளியை அப்படியே கீழே வைத்தாள். "விளையாடாதை அக்கா."

"ஆர் விளையாடினது? நான் ஐயாவோடை கதைக்கிறன்."

"அங்கை கணக்குக்கு நல்ல ரீச்சர்மார் இருப்பினமோ?"

"ஒண்டுக்கு ரெண்டு பேர் இருப்பினம்," என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

இரவு முழுக்க அவள் நித்திரை கொள்ளவில்லை. நான் கொண்டேன்.

28.9.1975

ஐயாவுக்கு விஷயம் தேன். ஒரு மகள் கம்பஸில், ஒரு மகள் ரவுணுப் பள்ளிக்கூடத்தில், மாமாவுக்கும் மனக்குறை இல்லை. அம்மா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தா. அவவுக்கு விளங்கிவிட்டது. ஆனால் தடுக்கவில்லை. தம்பிக்காரனுக்கு ஒரு பெட்டை போனால் சரி.

மாமாவுக்கு ஆள் அனுப்பிக் கேட்டோம். பதில் வந்தது: "ஆர் வந்தாலும் சரி."

ஆர் வந்தாலும் சரியாம். எனக்குக் கொஞ்சம் சுட்டது. இதற்காகவா என்னைக் கூப்பிட்டார்கள்?

12.10.1975

கமலாவைக் கொக்குவிலில் கொண்டுபோய் விட்டோம். மாமி அவளுடைய கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தா. "பரவாயில்லை, பெலன் இருக்குது," என்றா. மாடு வாங்க வந்தவர்களும் இப்படித்தான் பார்ப்பார்கள். கமலா தன் புத்தகங்களை எடுத்துக் காட்டினாள். அதுகளை வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, "தையிலை சேர்ப்பம். இப்ப வருஷக் கடைசிதானே," என்றா.

ஐயா தலையாட்டினார்.

பிறகு நான் விடுதிக்குப் போனேன். விடுதிப் பொறுப்பாளர் அம்மா, "ரவுணிலை சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டா. இல்லை என்றேன். "பாவம், தீவிலை இருந்து வாற பிள்ளை," என்று யன்னல் ஓரக் கட்டிலைத் தந்தா.

2.11.1975

விடுதிப் பருப்பில் பருப்பைத் தேடவேண்டும். அறையில் நாலு பேர், ஒரு மேசை. தண்ணீருக்குச் சண்டை. இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு நாளும் இருந்ததில்லை.

8.2.1976

மாமா வீட்டுக்குப் போனேன். தை முடியப் போகிறது. கமலாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. மாமியின் இடுப்பு சுகமாகட்டுமாம்.

சோறு கமலாதான் போட்டாள். மீன் குழம்பு அம்மா வைக்கிற மாதிரியே. கைவிரல்கள் சாம்பல் தேய்த்துத் தேய்த்து வெடித்துப் போய் இருந்தன. மாமி பக்கத்திலேயே நின்றா. கமலா கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "விடுதியிலை படிக்க லைற் எத்தினை மணி வரைக்கும் விடுவினம் அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

மாமியிடம் நான் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டிருக்கலாம். கேட்டால், "அப்ப நீர் வந்து நில்லும், அவள் படிக்கட்டும்," என்பா. சொல்லக்கூடிய ஆள்தான்.

இனி அடிக்கடி போவதில்லை.

14.4.1976

வருஷப் பிறப்புக்கு ஊருக்கு வந்தேன். கமலாவை அனுப்பவில்லை. மாமி வீட்டுக்கு ஆட்கள் வருகினமாம்.

"எப்பிடி இருக்கிறாள்?" என்று அம்மா கேட்டா.

"அவளுக்கென்ன, சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கொழுத்துப் போனாள்," என்றேன். அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று பயம் அவவுக்கு.

19.8.1976

கமலா விடுதிக்கு வந்தாள். தனியாக, வெயிலுக்குள், வீட்டுச் சட்டையோடு, காலில் செருப்பும் இல்லாமல். கடைக்கு அனுப்பினார்களாம், அப்படியே நடந்து வந்துவிட்டாளாம். மதிலோரம் கூட்டிக்கொண்டு போனேன்.

"என்னை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போ அக்கா. எனக்குப் படிப்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

மாமி ஒரு நாளும் அடிக்கவில்லையாம். ஏச்சும் பெரிதாக இல்லையாம். ஆனால் ஒருத்தரும் தன்னோடு கதைக்கிறதில்லையாம். பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லையாம். "இந்தா", "எடி", அவ்வளவுதான். "சில நாள் கிணத்துக்குள்ளை எட்டிப் பாத்து நானே என்னோடை கதைப்பன்," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

நான் என்ன செய்கிறது? எனக்கு இரண்டாம் வருஷம் தொடங்கப் போகுது. இவள் போனால் மாமா அடுத்த வள்ளத்திலை ஐயாவிட்டைப் போய் நிப்பார். விடுதியிலையும் விஷயம் தெரிய வரும். பிறகு நான் அந்தக் குசினிக்குள்ளை, நான் அந்தக் கிணத்தடியிலை. ஏலாது. என்னாலை ஏலாது.

"நீ வந்தால் நான் அங்கை போக வேணும். அதுதான் உனக்கு விருப்பமோ?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா," என்றாள். என்னில் அவளுக்கு அவ்வளவு பட்சம். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

கொக்குவில் சந்தி வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். பின்னேரம் வகுப்பு இருந்தது, பிந்தாமல் வந்துவிட்டேன்.

20.8.1976

செருப்பாவது வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

6.3.1977

கனநாளைக்குப் பிறகு போனேன். கமலா மாறிவிட்டாள். நடையில் ஒரு ஒழுங்கு, தலையில் பூ. மாமி இல்லாத நேரம் பார்த்து, தீப்பெட்டி நிறச் சிவப்பில் இரண்டு கண்ணாடி வளையல் காட்டினாள். அத்தான் கோயில் திருவிழாவில் வாங்கிக் கொடுத்தாராம்.

"அத்தானுக்குக் கத்தரிக்காய் எண்டால் சரியான விருப்பம் அக்கா. பொரிச்சுக் குழம்பு வைக்க வேணும்," என்றாள். கணக்கு, ரீச்சர், பள்ளிக்கூடம் ஒன்றைப் பற்றியும் வாய் திறக்கவில்லை.

நல்லதாய்ப் போயிற்று. எனக்குப் பிடிக்காத இடம் அவளுக்குப் பிடித்துவிட்டது. இனி ஒருவரும் என்னில் குறை சொல்ல ஏலாது.

22.1.1978

சிவபாதம் அத்தானுக்குக் கலியாணம் பொருந்திவிட்டது. கமலாவோடு அல்ல. இணுவிலில் ஒரு ஆசிரியை, சீதனமாக வீடும் வளவும். மாமா விடுதி வாசலில் நின்றபடியே சொன்னார். சைக்கிளில் இருந்து இறங்கவும் இல்லை.

"கமலா?" என்றேன்.

"அவளை நாங்கள் பிள்ளை மாதிரி எல்லோ வைச்சிருந்தனாங்கள். பிள்ளையை மருமகளாக்கிறதோ?"

போகும்போது, "பலகாரம் சுட அவள் நிக்கத்தான் வேணும். கலியாணம் முடியட்டும், அனுப்பிவிடுறம்," என்றார்.

16.2.1978

கலியாண வீடு. பயற்றம்பணியாரம் எல்லாம் கமலா சுட்டது. அத்தான் மணவறையிலும் தலையை நிமிர்த்தவில்லை. கமலா குசினியை விட்டு வெளியே வரவே இல்லை. எட்டிப் பார்த்தேன், எண்ணெய்த் தாச்சிக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். கையில் வளையல் இல்லை.

பணியாரம் நல்லாய் இருந்தது. விடுதிப் பிள்ளைகளுக்கும் ஒரு பொட்டலம் கொண்டு வந்தேன்.

27.12.1978

கடைசி வருஷச் சோதனை முடிந்து ஊரில் நிற்கிறேன். ஊருக்குத் திரும்பிவிட்ட கமலாவைப் பெண் பார்க்க நயினாதீவில் இருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. வள்ளத்துறையில் யாரோ என்னவோ சொல்லி இருக்கிறார்கள். வந்த வள்ளத்திலேயே திரும்பிப் போய்விட்டார்கள். கமலா ஆக்கி வைத்த சாப்பாட்டை நாங்களே சாப்பிட்டோம். அவள்தான் எல்லாருக்கும் போட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

கைகழுவும்போது அம்மா சொன்னா: "நீ போயிருக்கலாம்."

ஏன் நான்? ஏன் நான் எண்டு கேக்கிறன். ரெண்டு பேரிலை ஒருத்தியைக் குடுக்கத்தான் வேணுமெண்டு நிண்டது ஆர்? தம்பி, தம்பி எண்டு உருகினது ஆர்? ஐயா தலையை ஒருக்கால் மறுபக்கம் ஆட்டியிருந்தால் ஒருத்தியும் போயிருக்கத் தேவையில்லை. இப்ப எல்லாரும் நல்லவை, நான் மட்டும் பாதகி. சரி, பாதகிதான். பாதகி பட்டதாரி ஆகிவிட்டாள்.

3.2.1980

யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை நியமனம். அங்கேயே பக்கத்தில் திருநெல்வேலியில் மயில்வாகனம் என்பவருடைய வீட்டில் இரண்டு அறை எடுத்தேன். பெட்டை தனிய வீடெடுத்து இருக்க ஏலாது என்று ஐயா ஒரே பிடி. துணைக்கு ஒருத்தி வேண்டுமாம்.

"கமலாவை விடுங்கோவன். இங்கை சும்மாதானே இருக்கிறாள்," என்றேன்.

அம்மா கமலாவைப் பார்த்தா. கமலா போய்த் தன் உடுப்புகளை அடுக்கத் தொடங்கினாள்.

17.2.1980

எனக்கு நேரத்துக்குச் சாப்பாடு. சேலை மடித்து வைத்தபடி. நிம்மதியாகப் பாடக் குறிப்பு எழுத முடிகிறது. பின்னேர வகுப்பில் சேர்ந்து ஏதாவது படி என்று கமலாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். கொஞ்ச நாள் போகட்டும்.

9.3.1980

வீட்டுக்கார அம்மாவின் தங்கை மகன் இஞ்சினியர். கட்டுநாயக்காவில் வேலை. இன்று வந்து போனார். தலையை நிமிர்த்திக் கதைத்தார். என்ன பாடம் படிப்பிக்கிறேன் என்று கேட்டார், பதிலைக் காது கொடுத்தும் கேட்டார். அவர் போன பிறகு வீட்டுக்கார அம்மா என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து இருந்தா.

"பிள்ளையின்ரை சாதகம் இருக்கோ?" என்றா. பிறகு முற்றத்தைக் காட்டினா. கமலா பாயில் மிளகாய் பரப்பிக்கொண்டு நின்றாள். "உது ஆர்? முகவெட்டு உம்மடை மாதிரித்தான் கிடக்குது. சகோதரியோ?"

சகோதரி என்றால் அடுத்த கேள்வி, ஏன் இன்னும் கலியாணம் ஆகவில்லை என்பது. அதற்கு அடுத்தது கொக்குவில்.

"இல்லை. ஊர்ப் பிள்ளை, தூரத்துச் சொந்தம்," என்றேன். "உதவிக்கு நிக்கிறாள்."

கமலாவின் கை மிளகாயில் அப்படியே நின்றது. பிறகு பரப்பத் தொடங்கியது. இது ஒரு நாள் வெளியில் வரத்தான் போகிறது. வரும்போது பார்ப்போம், முதலில் சாதகம் பொருந்தட்டும். இரவைக்கு அவளைக் கூப்பிட்டு வைத்துச் சமாதானம் சொல்லலாம் என்று இருந்தேன். அழுவாள், ஏசுவாள், ஊருக்குப் போகிறேன் என்பாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரம் வந்தாள். கதவுக்கு வெளியே நின்றாள்.

"ரீச்சர், தேத்தண்ணி," என்றாள்.

வாங்கிக் குடித்தேன்.